திகில் படத்தின் முதல் நிமிடம் ஏன் பதறவைக்கிறது?

கர்நாடக இசையில் ஷட்ஜமமும் அதற்கு அடுத்த சுரமான சுத்த ரிஷபமும் சேர்ந்து ஒலித்தால் காது ஏன் கூசுகிறது? ஷட்ஜமம் 240 ஹெர்ட்ஸ் என்றால், ரிஷபம் சுமார் 256. இரண்டும் கலக்கும்போது ஒலி நொடிக்கு 16 முறை ஏறி இறங்குகிறது. உட்செவியால் அவற்றைச் சரியாகப் பிரிக்க முடிவதில்லை. அதனால்தான் அந்தக் கரகரப்பு. மனித அலறலிலும் இத்தகைய கரகரப்பு உண்டு; திகில் படங்களின் இசை நம்மைப் பதறவைப்பது அதனால்தான். 'சைக்கோ' படத்தில் (1960) இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் கொண்டே நடுங்கவைத்தார். அதன் தலைப்புக் காட்சியை வடிவமைத்த சால் பாஸ் எழுத்துகளைத் துண்டாடினார். அதற்கும் முன்பே, 1954-இல், இயக்குநர் வீணை எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாத 'அந்த நாள்' படத்தைத் துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்கினார். எத்தனை துணிச்சல்!

திகில் படம் எடுக்கும் சித்தூர், திருப்பதி மாணவர்களே, உங்கள் படத்தின் தொடக்கத்தில் இணையத்தில் கிடைக்கும் இசையை ஒட்டவைக்காதீர்கள். திருப்பதியில் வேங்கடேசுவரா இசைக் கல்லூரியே இருக்கிறது. ஒரு வயலின் மாணவரைத் துணைக்கு அழையுங்கள். தலைப்பு தெலுங்கிலும் தமிழிலும் வரும்போது இசையைத் தாழ்த்தி, படிக்க நேரம் கொடுங்கள்.