தூக்கிக்கொண்டு ஓடுமுன்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, முதலில் அங்கு நின்றவர்கள் அயலவர்களே. இடம்பெயர்ந்து புதிய இடங்களில் குடியேறியுள்ள எமது குடும்பங்களுக்கு இதை நாம் எடுத்துச்சொல்லத் தேவையில்லை. மலையில் உதவி வரும்வரை நாம்தான் உதவி.

மூச்சு நின்று ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்குகிறது. 2016இல் தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவை இப்போது ஊவாவிலும் உண்டு. ஆனாலும் எந்த வண்டியும் நான்கு நிமிடத்தில் மேற்கணக்குக்கு ஏறிவராது.

மண்ணில் புதையுண்டவருக்கு முதலில் முகத்தையும் மார்பையும் விடுவியுங்கள். வாயில் கண்ணுக்குத் தெரியும் மண்ணை வழித்தெடுங்கள். தெரியாததைத் தேடி விரலை விட்டால் அடைப்பு உள்ளே போய்விடும்.

நல்ல மனதோடு நாம் செய்யும் தவறு ஒன்று உண்டு. மயங்கியவரைக் கம்பளியில் போட்டுத் தூக்குகிறோம். உடல் வளைந்து நாடி நெஞ்சில் முட்டுகிறது. ஓட்டோவில் இருவருக்கு நடுவே உட்கார வைக்கிறோம், தலை தொங்குகிறது. மூச்சுப்பாதை மடிந்து அடைபட இதுவே போதும். மூச்சிருந்தும் நினைவில்லாதவரைப் பக்கவாட்டில் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்சாய்த்து, நாடியை உயர்த்தி வையுங்கள். கதவுப் பலகையோ வாங்கோ கம்பளியைவிட நல்லது. மூச்சே இல்லையென்றால் தூக்கி ஓடுவதல்ல, மார்பின் நடுவில் பலமாக, வேகமாக அழுத்துவதே முதல் வேலை.

கொழுந்து மலையில் குளவி கொட்டுவது எமக்குப் பழகிப்போன செய்தி. சிலருக்குத் தொண்டை வீங்கி, குரல் கம்மி, இழுப்பு வரும். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. மஞ்சளும் சுண்ணாம்பும் அல்ல. உடனே 1990ஐ அழையுங்கள். மூச்சுத்திணறுபவரைச் சாய்ந்து உட்கார விடுங்கள், நடக்க விடாதீர்கள். உங்கள் தோட்ட மருந்துச்சாலையில் அந்த ஊசி இருக்கிறதா என்று இன்றே கேட்டு வையுங்கள். இதைக் கேட்கக் கூச்சம் வேண்டாம்.

ஒக்டோபர் மழைக்கு முன் ஒரு மாலை கூடிப் பேசுங்கள். தொலைபேசியில் பேசுவது யார்? தோட்டத்தின் பெயர், டிவிஷன், திருப்பத்திலுள்ள கோயில் அல்லது கடை, இவற்றைத் தடுமாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். அம்புலன்ஸ் எதுவரை ஏறும்? அதற்கு மேல் யாருடைய ஓட்டோ? இரவில் அவர் இல்லாவிட்டால் வேறு யார்? இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவிப் பயிற்சி நடத்துகிறது. அதற்கு முதலில் ஓட்டோக்காரத் தம்பிமாரை அனுப்புங்கள்.