கனத்த பெட்டிக்குள் ஒரு காகிதக் கூம்பு

மார்கழி மாதம் வந்தால் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று தென்சென்னை எங்கும் கச்சேரிகள் நடக்கும். அடுத்த முறை ஒரு சபாவுக்குப் போகும்போது, மேடையின் இரு ஓரங்களிலும் உள்ள ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் சற்றுக் கவனியுங்கள். புதிய பெட்டிகள் பலவற்றை ஒருவரே தூக்கிவிடலாம். பழைய பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். 'பழசாகிவிட்டது, கரகரக்கிறது' என்று சொல்லி அவற்றைப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுவிடுவதும் உண்டு. அது சரிதானா? பெட்டிக்குள் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

ஒலிபெருக்கியின் பின்பக்கத்தில் பெரிய காந்தம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் வட்டமான, மிகக் குறுகிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள், எதையும் தொடாமல் ஒரு கம்பிச் சுருள் நிற்கிறது. தொழில்காரர்கள் இதைக் 'காயில்' என்பார்கள். காயில் ஒரு காகிதக் கூம்புடன் ஒட்டப்பட்டுள்ளது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து மின்னோட்டம் திசை மாறி மாறிப் பாயும்போது, காந்தப்புலம் காயிலை முன்னும் பின்னும் தள்ளுகிறது. கூம்பு காற்றைத் தள்ளுகிறது. நமக்குப் பாட்டு கேட்கிறது. அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-இல் வெளியிட்ட அமைப்பு இது. அடிப்படை இன்றும் மாறவில்லை.

அப்படியானால் கனம் ஏன்? பழைய பெட்டிகளில் உள்ள ஃபெரைட் காந்தம் பெரிதாக இருந்தால்தான் போதிய வலிமை கிடைக்கும். அதோடு இரும்புத் தகடுகளும் தடித்த ஒட்டுப்பலகையும் சேர்கின்றன. 1980களில் வந்த நியோடிமியம் காந்தத்தில் சிறு துண்டே போதும். அதனால்தான் புதிய பெட்டிகள் பல இலேசானவை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கனமான பகுதிகள் எளிதில் கெடுவதில்லை. கெடுவது இலேசான பகுதிகளே! கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு சில ஆண்டுகளில் பொடிந்து உதிர்கிறது. கடற்காற்றின் ஈரத்தால் இடைவெளிக்குள் துரு ஏறினால் காயில் உரசுகிறது, கரகரப்பு அதனால்தான். மேலும், கொடுக்கும் மின் ஆற்றலில் 100-இல் சில பங்கே ஒலியாகிறது, மீதி வெப்பமாகிறது. அளவுக்கு மீறி முடுக்கினால் காயில் கருகிவிடும்.

ஆகவே, கூம்பையும் காயிலையும் மாற்றினாலே பழைய பெட்டி மறுபடி பாடும். பழுது பார்ப்பவர் இடைவெளியைச் சுத்தம் செய்து, புதிய காயிலைச் சுற்றி மெல்லிய பிலிம் துண்டுகளைச் செருகி, அதைச் சரியாக நடுவில் நிறுத்துகிறார். பசை காய்ந்த பிறகு துண்டுகளை உருவிவிடுகிறார்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். ஆம்ப்ளிஃபயர் இணைப்பைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் மின்கலத்தின் கம்பிகளைப் பெரிய கூம்புள்ள ஒலிபெருக்கியின் முனைகளில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். 'டப்' என்று கூம்பு அசைந்தால் காயில் அறுபடவில்லை. இரண்டு பெட்டிகளை இப்படிச் சோதித்தால், இரண்டும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்க நாதம் மெலிந்துபோகும்! ஆனால் ஆம்ப்ளிஃபயரைத் திறக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

பழைய பெட்டியால் என்ன லாபம்? 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால், ஒரு பெட்டி 98 டெசிபலும் இன்னொன்று 88 டெசிபலும் தருவதாக வைத்துக்கொள்வோம். 10 டெசிபல் வேறுபாடு என்பது 10 மடங்கு ஆற்றல். முதல் பெட்டி 20 வாட்டில் செய்யும் வேலைக்கு இரண்டாவதற்கு 200 வாட் வேண்டும். வலுவான காந்தமும் பெரிய கூம்பும் உள்ள பழைய பெட்டிகள் பல முதல் வகையைச் சேர்ந்தவை.

ஆனால் ஒன்று. கூம்பு கிழிந்தால் மாற்றலாம்; காயில் கருகினால் மாற்றலாம். நம் உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியை நெடுநேரம் கேட்பது செவிக்குக் கேடு. பொது இடங்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வது வீண் கட்டுப்பாடல்ல. பழைய பெட்டியைப் பழுது பார்த்துக் காப்பாற்றுங்கள்; அதற்கு முன்னால் உங்கள் காதைக் காப்பாற்றுங்கள்!