பற்சக்கரப் பெட்டி: எடையும் பிடியும்

மொரப்பூரினின்று தருமபுரி வழியாகச் சேலத்துக்குப் பேருந்தில் செல்வோர் தொப்பூர்க் கணவாயை நன்கறிவர். ஏற்றத்தில் ஓட்டுநர் கியரைத் தாழ்த்துங்கால் வண்டியின் வேகம் குறைந்து விசை மிகுகின்றது. இறக்கத்திலோ அதே தாழ்ந்த கியர் வண்டியை ஓடவிடாமல் பிடித்துக் கொள்கின்றது. போட்டிக்கெனச் செய்யப்படும் சிறு ரோபோவுக்கும் இவ்விதியே ஆதாரமாம்.

அமெரிக்காவில் டீன் கேமன் என்பார் 1989-ஆம் ஆண்டில் நிறுவிய ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பு, 1992 முதல் மாணவர்க்கு ரோபோப் போட்டி நடத்தி வருகின்றது. அதிற் பல்லாண்டுகளாக ரோபோவின் எடை 120 பவுண்டுக்கு, அஃதாவது சுமார் 54 கிலோவுக்கு, மேற்படலாகாதென்பது விதியாயிருந்தது. திடலைக் கடக்க வேகம் வேண்டும். எதிர்த்து நிற்கும் ரோபோவைத் தள்ள விசை வேண்டும். நிமிடத்துக்கு 5,300 சுற்றுச் சுழலும் மோட்டாரையும், 4 அங்குல விட்டமுள்ள சக்கரத்தையும் கொள்வோம். சுழற்சியை 6-இல் ஒரு பங்காகக் குறைப்பின், சுமையில்லாதபோது ஊர்தி விநாடிக்கு 4.7 மீட்டர் செல்லும். 15-இல் ஒரு பங்காகக் குறைப்பின் 1.9 மீட்டரே செல்லும். ஆயின், உராய்வை நீக்கி நோக்குமிடத்துத் தள்ளும் விசை இரண்டரை மடங்காகும். இரண்டையும் பெறவே கியர் மாற்றும் பெட்டி வேண்டப்படுகின்றது.

அதன் அமைப்பு எளிது. ஒரே தண்டின்மேல் இரு பற்சக்கரங்கள் தளர்வாய்ச் சுழலும். அவற்றினிடையே, தண்டோடு சேர்ந்தே சுழலும் டாக் என்னும் பல்வளையம் ஒன்றுண்டு. அழுத்திய காற்றினால் இயங்கும் சிறு பிஸ்டன் அதனை இடமோ வலமோ நகர்த்தும். எச்சக்கரத்தை வளையம் கவ்வுகின்றதோ அதுவே வேலை செய்யும்.

இனி, எடையை எங்ஙனம் குறைப்பது? சுமை தாங்காத இடத்தை அறிந்து அங்கே குறைத்தல் வேண்டும். முறுக்கு விசையைத் தண்டின் புறப்பகுதியே பெரிதும் தாங்குகின்றது. ஆதலின் விட்டத்திற் பாதியளவு துளையிட்டால், எடையில் நாலிலொரு பங்கு நீங்கும். வலிமையிலோ பதினாறிலொரு பங்கே குறையும். பற்சக்கரத்தின் பற்களுக்கும் நடுக்குடத்துக்கும் இடைப்பட்ட தகட்டிலும் துளைகள் இடலாம். சக்கரங்களை அலுமினியக் கலவையாற் செய்யலாம். அதன் எடை எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. ஆனால் மோதிக் கவ்வும் பல்வளையத்தை எஃகினாற் செய்தலே தக்கது. அன்றியும், கியர் மாற்றும் உறுப்பை மோட்டாரின் அருகில் அமைப்பின், அங்கே முறுக்கு விசை குறைவாதலின் மெல்லிய சக்கரங்களே போதும்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. பல்வளையம் இரு சக்கரங்களுக்கும் நடுவே நின்றுவிட்டால் ஊர்தி எதனாலும் பிடிக்கப்படாது கிடக்கும். இதுவே நியூட்ரல். எடைக்கு அஞ்சி, பிஸ்டனிலுள்ள சிறு சுருள்வில்லை நீக்குதல் தகாது. காற்றுத் தீர்ந்தவிடத்து வளையத்தைத் தாழ்ந்த கியருக்குத் தள்ளுவது அவ்வில்லே. திடலில் நியூட்ரலால் இழப்பது ஓர் ஆட்டம். தொப்பூர் இறக்கத்திலோ, சிறிது டீசலை மிச்சப்படுத்தக் கருதி நியூட்ரலில் லாரியை விடுவோர் இழப்பது உயிர். தம் உயிரை மட்டுமன்று, முன்செல்வோர் உயிரையும்.

நண்பர்காள்! யந்திரத்தில் எடையைக் குறைப்பது திறமை. பிடியைக் குறையாது காப்பது கடமை. திறமையினும் கடமை பெரிதென்பதை எம்மூர்ப் பக்கத்து மலைப்பாதை நாடோறும் உணர்த்தி நிற்கின்றது.