உறுமலை அடித்து அடக்கலாமா?

விசர்நாய்த் தடுப்பூசி நாயை நோயிலிருந்து காக்குமேயன்றி, அதன் பல் மனிதக் கையில் பதிவதைத் தடுக்காது. ஆகவே, தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் திருகோணமலையின் உப்புவெளி, திருக்கடலூர் வீடுகளிலும், உறுமுகிற நாயை அடித்துத் திருத்தலாமா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது.

எந்த நாய் கடிக்கும் என்பதற்கு அதன் இனத்தைக் காட்டி விடைசொல்வது எளிது. இந்திய மத்திய அரசு 2024 மார்ச்சில் 23 நாய் இனங்களை மூர்க்கமானவை எனப் பட்டியலிட்டு, அவற்றின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடைவிதிக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால், 2,155 நாய்களின் மரபணுத் தொகுதிகளையும், 18,000-க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்கள் அளித்த விடைகளையும் ஆராய்ந்து 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையே இனம் விளக்குகிறது என்றும், சீண்டினால் எவ்வளவு எளிதில் சீறும் என்பதை இனத்தை வைத்து ஏறத்தாழ ஊகிக்கவே முடிவதில்லை என்றும் கண்டது. பெரிய தாடை ஆழமாகக் காயப்படுத்தும் என்பது உண்மையே. எனினும், பட்டியலில் இல்லாத ஊர்நாய் கடிக்காது என்று அதற்குப் பொருளாகாது.

கடி திடீரென்று நிகழ்வதாகத் தோன்றினாலும், பெரும்பாலும் அதற்கு முன்னால் ஒரு வரிசை உண்டு. மீன்சோற்றை உண்ணும் நாயை நோக்கிக் குழந்தை தவழ்ந்துவரும்போது, அது உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்க்கும். பின்னர் வாயைத் தட்டிலேயே வைத்தபடி மெல்லுவதை நிறுத்தி உடலை விறைத்துக்கொள்ளும். ஓரிரு கணமே நீடிக்கும் அந்த விறைப்பை வீட்டார் காணாதபோதுதான் உறுமல் எழுகிறது. கடிக்காமலே எதிரியை விலகச்செய்ய நாய் எடுக்கும் கடைசி முயற்சிகளுள் அது ஒன்று. அதற்கு அடி விழுந்தால், நாய் உறுமலைக் கைவிடக் கற்கிறதே தவிர, குழந்தையின் வருகையை விரும்பக் கற்பதில்லை. ஒன்றையடுத்து மற்றொன்று வருவதை மூளை முடிச்சிட்டுக்கொள்ளும் ‘நிபந்தனைப்படுத்தல்’ என்னும் செயலால், குழந்தை வந்தால் சோறும் போகும், அடியும் விழும் என்பதே அதன் நினைவில் உறுதிப்படுகிறது. அடுத்த முறை உறுமல் இல்லாமலே பல் இறங்குகிறது.

இது, விசில் சத்தம் பொறுக்காமல் பிரஷர் குக்கரின் ஆவித்துளையை அடைப்பதற்கு ஒப்பாகும். சத்தம் நிற்கும், ஆவி நிற்காது; செய்யவேண்டியது அடுப்பை அணைப்பது. அணைத்த பின்னும் உள்ளே அழுத்தம் எஞ்சியிருப்பதால் உடனே மூடியைத் திறக்கலாகாது. அவ்வாறே, கோர்ட்டிசோல் முதலிய அழுத்த ஹோர்மோன்கள் தணிய நேரமெடுப்பதால், சித்திரைப் புத்தாண்டு வெடிகள் ஓய்ந்த பின்னும், வழக்கமாகப் பொறுக்கும் தொடுகைக்கே நாய் சீறலாம்.

மனிதன் தலைவனாகி நாயை அடக்கவேண்டும் என்ற போதனை, அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து ஆய்வாளர் ருடொல்ப் ஷெங்கல் 1947இல் எழுதியதிலிருந்து வளர்ந்தது. காட்டு ஓநாய்க்கூட்டம் பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் எழுதிய பின்னும் அது மறையவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளருள் 43 விழுக்காட்டினர், அது பதிலுக்கு மூர்க்கம் காட்டியதாகத் தெரிவித்தனர்.

உண்ணும் நாயையும் குழந்தையையும் வேறு வேறு இடங்களில் வைப்பதே முதல் வேலை. பின்னர் வளர்ந்தவர் ஒருவர், நாய் விறைக்காத தொலைவில் நின்று, முள் நீக்கிய அவித்த மீன்துண்டைத் தட்டருகே எறிந்துவிட்டு விலகவேண்டும். அதன் உடல் தளர்ந்திருக்கும் அளவுக்கு மட்டும் நாளடைவில் தொலைவைக் குறைத்துவந்தால், மனிதர் வந்தால் உணவு கூடும் என்ற புதிய முடிச்சு விழும். நாள் முழுதும் சங்கிலியில் நிற்கும் நாய்க்கோ விலகிப்போகும் வழியே இல்லை. அது குரைத்ததும், கடிதத்தைப் போட்டுவிட்டு எப்படியும் போகவிருந்த தபால்காரர் போய்விட, தன் சீற்றமே அவரைத் துரத்தியதாக அது கற்றுக்கொள்கிறது.

சாதுவான நாய் திடீரெனச் சீறினால், காதுப்புண், மூட்டுவலி போன்ற நோவு உண்டா எனக் கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும். விசர்நாய்க்கடி நோயும் இத்தகைய குணமாற்றத்தோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறது. கடிபட்டவர், நாய் தடுப்பூசி பெற்றதாயினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். விசர்நாய்க்கடி நோயும் இத்தகைய குணமாற்றத்தோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறது.