இறைச்சிக் கோழிகளில் கொலிஸ்டின் எதிர்ப்புப் பாக்டீரியாக்கள்

கொலிஸ்டின் என்பது கிராம்-எதிர் பாக்டீரியாக்களைக் கொல்லும் ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து ஆகும். 1950களில் பயன்பாட்டுக்கு வந்த இம்மருந்து, சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கக் கூடியது என்பதால் மனித மருத்துவத்தில் பெரிதும் கைவிடப்பட்டது. பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் மருத்துவமனைகளில் பெருகியபின், இறுதிக்கட்ட மருந்தாக அது மீண்டும் தேவைப்பட்டது. ஆனால் அதே மருந்து பல நாடுகளில் கோழி, பன்றித் தீவனங்களிலும் கலக்கப்பட்டு வந்தது.

எதிர்ப்பு உருவாகும் விதம்

கோழிகள் விரைவாக எடை கூடவும் நோய் வராமல் தடுக்கவும் குறைந்த அளவு மருந்து தொடர்ந்து கொடுக்கப்படும்போது, அவற்றின் குடலில் மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் மட்டும் தப்பிப் பெருகுகின்றன. கொலிஸ்டின், பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள எதிர்மின்னேற்றம் கொண்ட கொழுப்பு மூலக்கூறுகளுடன் பிணைந்து அச்சவ்வைச் சிதைக்கிறது. எம்சிஆர்-1 என்னும் மரபணு உருவாக்கும் நொதி அம்மின்னேற்றத்தைக் குறைத்துவிடுவதால் மருந்து சரியாகப் பிணைய முடிவதில்லை.

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் இம்மரபணு பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பண்ணை விலங்குகள், கடைகளில் விற்ற பன்றி, கோழி இறைச்சி, மருத்துவமனை நோயாளிகள் ஆகிய மூன்று இடங்களிலும் அது காணப்பட்டது. இம்மரபணு பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறு இனப் பாக்டீரியாவுக்கும் தாவக்கூடியது.

பரவும் வழிகள்

கோழியை அறுத்துச் சுத்தம் செய்யும்போது குடலில் உள்ள கிருமிகள் இறைச்சியில் படிகின்றன. அங்கிருந்து கை, கத்தி, வெட்டும் பலகை வழியாகப் பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்குச் செல்கின்றன. நன்கு வேகவைத்தால் இக்கிருமிகள் இறந்துவிடும். எனினும் பண்ணைத் தொழிலாளர்கள் வழியாகவும், கோழி எரு சேரும் மண், நீர் வழியாகவும் அவை பரவுவதைச் சமையல் தடுக்காது.

கட்டுப்பாடுகள்

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பதைச் சீனா 2017இல் நிறுத்தியது. அதன்பின் அங்கு விலங்குகளிடமும் மனிதர்களிடமும் எம்சிஆர்-1 குறைந்ததை ஆய்வுகள் காட்டின. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகள், கோழிகள், மீன் வளர்ப்பு ஆகியவற்றில் இம்மருந்தைப் பயன்படுத்த இந்திய அரசு 2019 சூலையில் தடை விதித்தது.

வீட்டில் பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகையும் கத்தியும் வைத்துக்கொள்வதும், அதைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவதும் நல்லது. குழாய் நீரில் இறைச்சியைக் கழுவும்போது தெறிக்கும் துளிகளும் கிருமிகளைப் பரப்பும்.