வாங்குவோர் பேசுவது நம் காதில் விழுகிறதா?
சிறு வணிகர்கள் சமூக ஊடகக் கண்காணிப்புக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

மழை பெய்யும் நாளில் பால்வெட்டு இல்லை. ஆண்டின் முற்பகுதியில் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில் பாலும் குறைந்துவிடுகிறது. இவற்றை நம் தோட்டப் பாட்டாளி மக்களுக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை. அத்தகைய நாள்களில் வீட்டுச் செலவைத் தாங்கிப் பிடிப்பதற்காக நம் இல்லத்தரசியர் பலர் முறுக்கு, அதிரசம், ஊறுகாய், மசாலைத்தூள் முதலியவற்றைச் செய்து விற்று வருகின்றனர். தையல் வேலை எடுத்துச் செய்வோரும், மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்போரும் நம்மிடையே உண்டு.

முன்னாளில் இப்பொருள்களை வாங்கியவர்கள் அடுத்த லயத்தில் இருந்தவர்கள். முறுக்கில் உப்புக் கூடிவிட்டால் மறுநாள் காலைப் பெரட்டிலேயே அச்செய்தி நம் காதுக்கு வந்துவிடும். இன்றோ முகநூல், புலனம், டிக்டாக் ஆகியவற்றின் வழியாகக் கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் நம் பொருளைக் கேட்டு வாங்குகின்றனர். சந்தை விரிந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் வாங்குவோர் தொலைவில் இருப்பதால் அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது நமக்குக் கேட்பதில்லை.

இதனால் விளையும் தீங்கினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு தோட்டத்தில் ஓர் அம்மையார் தீபாவளிக்காக 200 பொட்டலம் முறுக்கு சுட்டு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் 40 பொட்டலங்களுக்குப் பழைய எண்ணெய் கலந்துவிடுகிறது. வாங்கிய ஒருவர், “சிக்கு வாடை அடிக்கிறது” என்று தம் முகநூல் பக்கத்தில் படத்துடன் எழுதிவிடுகிறார். அதன் கீழ் அவருடைய நண்பர்கள் பலர் ஆமாம் போடுகின்றனர். அம்மையாருக்கு இது தெரியாது. இரண்டு வாரங்களில் கேட்பு பாதியாகக் குறைகிறது. போட்டிக்காரர் விலையைக் குறைத்துவிட்டார் போலும் என்று எண்ணி இவரும் பொட்டலத்திற்கு 2 வெள்ளி குறைக்கிறார். விற்பனை உயரவில்லை, கைமுதல்தான் கரைகிறது. குறை எண்ணெயில் இருக்க, மருந்து விலைக்குக் கொடுக்கப்பட்டது. அந்தச் செய்தியை அன்றே கண்டிருந்தால், அந்த 40 பொட்டலங்களை மாற்றிக் கொடுத்துப் பெயரைக் காப்பாற்றியிருக்கலாம் அல்லவா?

கண்காணிப்பு என்றால் என்ன?

நம் பொருளைப் பற்றியும் நம் கடையின் பெயரைப் பற்றியும் பொதுமக்கள் சமூக ஊடகங்களில் வெளிப்படையாக எழுதுவனவற்றைத் தேடிக் கண்டு, ஓரிடத்தில் சேர்த்துப் பார்ப்பதே சமூக ஊடகக் கண்காணிப்பு ஆகும். இதனைச் செய்வதற்கென்றே பல கருவிகள் உள்ளன. சில இலவசம். சிலவற்றிற்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்த வேண்டும். பெரிய வங்கிகளும் விமான நிறுவனங்களும் பயன்படுத்தும் கருவியை ஒரு முறுக்குக் கடைக்கு வாங்குவது, ஒரு வாளிப் பாலைச் சுமக்க லாரி பிடிப்பது போன்றதாகும். ஆகவே கருவியைத் தேடுவதற்கு முன் நம் தேவையை அறிதல் வேண்டும்.

முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். நம் பொருளை வாங்குவோர் எந்த ஊடகத்தில் இருக்கின்றனர்? ஒரு வாரத்தில் நம்மைப் பற்றி ஏறக்குறைய எத்தனை செய்திகள் வருகின்றன? அவற்றைத் தெரிந்துகொண்டு நாம் என்ன செய்யப் போகிறோம்? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையெனில் எந்தக் கருவியும் பயன்படாது. வாரத்திற்குப் பத்து இருபது செய்திகளே வருமானால், நாளொன்றுக்குக் கால் மணி நேரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

காசின்றிக் கிடைப்பவை

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் கடைக்கென்று தனிப் பக்கம் வைத்திருப்போர், மெட்டா நிறுவனத்தின் ‘பிஸ்னஸ் சூட்’ என்னும் செயலியை இலவசமாகப் பயன்படுத்தலாம். நம் பக்கத்திற்கு வரும் கருத்துகளையும் கடிதங்களையும் அது ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும். புலனத்தின் வணிகச் செயலி 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ‘புதிய கேட்பு’, ‘பணம் வந்தது’, ‘குறை கூறியவர்’ என்று வாடிக்கையாளருக்கு அடையாளச் சீட்டு இட்டுப் பிரித்து வைக்கலாம்.

கடைக்கு நிலையான இடம் இருந்தால் கூகுள் நிறுவனத்தில் அதனைப் பதிந்துகொள்ளுங்கள். வாங்குவோர் நட்சத்திரம் இட்டுக் கருத்து எழுதினால், அதனைப் படித்து உரிமையாளர் என்னும் முறையில் மறுமொழி கூறலாம். அதே நிறுவனம் 2003ஆம் ஆண்டு முதல் ‘அலர்ட்ஸ்’ என்னும் சேவையையும் நடத்தி வருகிறது. நம் கடையின் பெயரை அதில் எழுதி வைத்தால், அப்பெயர் இணையப் பக்கங்களில் புதிதாகத் தோன்றும்போது மின்னஞ்சல் வழி அறிவிக்கும். பெயர் இரண்டு சொல்லாக இருப்பின் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும்; இல்லையேல் தொடர்பில்லாத செய்திகளெல்லாம் வந்து குவியும்.

கருவிக்கு எட்டாதவை

ஒன்றை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். கூகுளின் அறிவிப்புச் சேவை மூடிய முகநூல் குழுக்களுக்குள் நுழைவதில்லை. மெட்டாவின் செயலியோ நம் பக்கத்திற்கு வருவனவற்றையும், நம் பக்கத்தை இணைத்துக் குறிப்பிடுவனவற்றையுமே முதன்மையாகக் காட்டும். மேலே கூறிய அம்மையாரின் பக்கத்தை இணைக்காமல், வாங்கியவர் தம் சொந்தப் பக்கத்தில் எழுதிய செய்தி இவ்விரண்டிலும் அகப்படாமல் போகலாம். ஆகவே வாரம் இருமுறையேனும் முகநூல், டிக்டாக் ஆகியவற்றின் தேடும் இடத்தில் நம் கடைப் பெயரையும் பொருளின் பெயரையும் நாமே எழுதித் தேட வேண்டும். ‘முறுக்கு’ என்பதை உரோமன் எழுத்தில் எழுதுவோர், ‘கே’ எழுத்தை ஒருமுறை இடுவதும் உண்டு, இருமுறை இடுவதும் உண்டு. இரண்டையும் தேடுங்கள்.

புலனத்தில் இருவர் பேசிக்கொள்ளும் செய்திகள், அவர்களைத் தவிர வேறெவரும் படிக்க இயலாதவாறு 2016ஆம் ஆண்டு முதல் பூட்டப்பட்டுள்ளன. “பிறர் புலனத்தில் உங்களைப் பற்றிப் பேசுவதைக் காட்டுகிறோம்” என்று எவரேனும் கருவி விற்க வந்தால், அவர் ஏமாற்றுகிறார் அல்லது சட்டத்திற்குப் புறம்பான செயலுக்கு நம்மை அழைக்கிறார். இரண்டுமே நமக்கு வேண்டா.

கட்டணக் கருவியை எடைபோடுதல்

சில தோட்டங்களில் பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே பெயரில் பொருள் விற்பதுண்டு. செய்திகள் நாளுக்கு நூற்றுக்கணக்கில் பெருகினால் கையால் தேடி முடியாது. அந்நிலையில் கட்டணக் கருவியை நாடுவது முறையே. ஹூட்ஸூட், பிராண்ட்வாட்ச், மெல்ட்வாட்டர் முதலியன இத்துறையில் பெயர்பெற்றவை. இவற்றுள் ஹூட்ஸூட் தன் இலவசத் திட்டத்தை 2023ஆம் ஆண்டில் நிறுத்தியது. அவ்வாண்டில் அதன் தொடக்கநிலைத் திட்டத்தின் விலை மாதம் 99 அமெரிக்க டாலர். அப்போதைய மாற்று மதிப்பில் அது 400 வெள்ளிக்கு மேல். நம் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் அவ்வேளை 1,500 வெள்ளி. ஊதியத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான தொகையை ஒரு கருவி விழுங்குமானால், அது எத்தனை பொட்டலம் முறுக்கின் இலாபம் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டாமா? விலைகள் அடிக்கடி மாறுவதால், ஒப்புக்கொள்ளும் நாளில் உள்ள விலையைக் கேட்டறிவதே சரி. மாதக் கணக்கா ஆண்டுக் கணக்கா, டாலரிலா வெள்ளியிலா, இடையில் நிறுத்தினால் பணம் திரும்புமா என்பவற்றையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கட்டணக் கருவிகள் பலவற்றிற்குச் சில நாள் இலவசச் சோதனைக் காலம் உண்டு. அதனை வீணாக்காமல் பயன்படுத்தும் வழி ஒன்றுண்டு. சோதனை நடக்கும் நாள்களில் நாமும் கையால் தேடி, கண்ட செய்திகளை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவர வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். நாம் கண்ட 20 செய்திகளில் கருவி 8 செய்திகளை மட்டுமே பிடித்திருந்தால், அவ்வலையின் கண்கள் பெரிது; மீன் நழுவிவிடுகிறது. கருவி 100 செய்திகளைக் காட்டி அவற்றுள் 90 வேறெவருடைய முறுக்கைப் பற்றியன என்றால், அவ்வலையில் மீனைவிடக் குப்பை அதிகம். இரண்டு குறையும் குறைவாக உள்ள கருவியே நமக்கு ஏற்றது. விளம்பரத்தில் காட்டும் வண்ணப் படங்களைவிட இந்தக் கணக்கு நம்பத்தக்கது.

நம் பேச்சு அதற்குப் புரியுமா?

கட்டணக் கருவிகள் பல, வந்த செய்தி புகழ்ச்சியா பழிப்பா என்று தாமே பிரித்துக் காட்டுவதாகக் கூறும். நம் மக்கள் எழுதும் முறையோ தனி வகை. ஒரே வரியில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்துவரும். தமிழையே உரோமன் எழுத்தில் எழுதுவோரும் பலர். “பல்லுக்கு நல்ல வேலை கொடுத்த முறுக்கு” என்று ஒருவர் கேலியாக எழுதினால், ‘நல்ல’ என்னும் சொல்லைக் கண்டு கருவி அதனைப் புகழ்ச்சிக் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். ‘செடாப்’ என்றால் சுவையானது. ‘தாக் செடாப்’ என்றால் சுவையில்லை. முன்னால் நிற்கும் சிறு சொல்லைத் தவறவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும். ஆகையால், சோதனைக் காலத்தில் இத்தகைய பத்து வரிகளைப் பொறுக்கியெடுத்து, கருவி அவற்றை எந்தப் பக்கம் ஒதுக்கியுள்ளது என்று பாருங்கள். பாதிக்கு மேல் தவறினால், புகழ்-பழி பிரிக்கும் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டா. அதனை வீட்டில் படித்த பிள்ளைகளே நன்றாகச் செய்வார்கள்.

இன்றிருப்பது நாளையும் இருக்குமா?

செய்திகள் பரவுவதை அளந்து காட்டிய ‘கிரவுட்டேங்கிள்’ என்னும் கருவியை மெட்டா நிறுவனம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மூடிவிட்டது. முன்பு டுவிட்டர் எனப்பட்ட எக்ஸ் தளத்தின் ‘டுவீட்டெக்’ கருவி பல்லாண்டுகள் இலவசமாக இருந்து, 2023ஆம் ஆண்டில் கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டுமென்று ஆயிற்று. பிறர் நிலத்தில் கட்டிய கொட்டகையை நிலத்துக்காரர் எப்போது வேண்டுமாயினும் பிரிக்கச் சொல்லலாம். ஆகவே வாடிக்கையாளர் கூறிய குறை, நாள், நாம் செய்த மாற்றம் ஆகிய மூன்றையும் நம் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைத்துக்கொள்வது அறிவுடைமை.

பாதுகாப்பும் சட்டமும்

எந்தக் கருவியாயினும் உங்கள் முகநூலின் மறைச்சொல்லையோ, கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையோ விற்பனையாளரிடம் கொடுக்காதீர்கள். முறையான கருவி, முகநூலின் சொந்த அனுமதிப் பக்கத்தின் வழியாகவே இணைப்புக் கேட்கும். “பணம் கொடுத்தால் உங்களைப் பற்றிய கெட்ட கருத்துகளை அழித்துத் தருகிறோம்” என்று வருவோரை நம்ப வேண்டா. மோசடியில் சிக்கிப் பணத்தை அனுப்பிவிட்டதாக அறிந்தால், தாமதமின்றி உங்கள் வங்கிக்கும், 997 என்னும் எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்திற்கும் தெரிவியுங்கள்.

வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், முகவரி ஆகியவை நம்மிடம் அவர்கள் ஒப்படைத்த பொருள்கள். வணிகத்தில் பெறப்படும் இத்தகைய விவரங்களைக் காக்கும் 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2013ஆம் ஆண்டு நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. அவற்றைப் பிறருக்கு விற்பதும், பொய்ப் பெயரில் மூடிய குழுக்களுக்குள் புகுந்து வேவு பார்ப்பதும் நம் நாணயத்தைக் கெடுக்கும் செயல்கள். குறை கூறியவரை வசைபாடி மறுமொழி எழுதுவதும் ஆபத்து. பிறரைத் துன்புறுத்தும் நோக்குடன் அனுப்பப்படும் இழிசொற்கள், 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகக் கூடும்.

கேட்ட பின் செய்ய வேண்டியது

நாளொன்றுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கி, குடும்பத்தில் ஒருவரை இதற்குப் பொறுப்பாக்குங்கள். குறையைக் கண்டால் அன்றே மறுமொழி கூறுங்கள். “தெரிவித்ததற்கு நன்றி, எந்த நாளில் வாங்கியது என்று சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்” என்னும் இரண்டு வரி போதும். ஒரே குறையை மூவர் கூறினால், அடுப்பையும் எண்ணெயையும் பொட்டலத்தையும் சோதித்துப் பாருங்கள். கருவி குறையைக் காட்டும். எண்ணெயை மாற்ற வேண்டியவர்கள் நாம்.

பால்மரத்தில் உளியை வைக்குமுன் பட்டையின் தன்மையைப் பார்த்து, எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று அறிந்தவர்கள் நம் பாட்டாளிகள். ஆழம் மிஞ்சினால் மரம் காயப்படும். குறைந்தால் பால் வராது. அந்த நிதானத்தையே இதிலும் கைக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் கையால் தேடிக் கணக்கெடுப்போம். அடுத்து இலவசக் கருவிகளைப் பயன்படுத்துவோம். நம் நேரமும் கண்ணும் போதாத நாள் வந்தால் மட்டும், சோதித்துப் பார்த்துக் கட்டணக் கருவியை வாங்குவோம். மழைநாளுக்கென்று சேர்த்த காசு, மழைநாளுக்கே உதவட்டும்.