வீட்டிலே விளையாட்டாய்க் கணக்கு

அண்மையில் ஆண்டிபட்டி வட்டாரத்து நெசவாளர் சங்கம் ஒன்றில் உறுப்பினர் புத்தகங்களைப் பேரேட்டுடன் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். உறுப்பினர் ஒருவர் தம் புத்தகத்தை நீட்டி, "கூட்டல் சரிதானா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், ஐயா, எனக்கு அவ்வளவு தெரியாது" என்றார். உடன் வந்திருந்த அவர் மகள் ஏழாம் வகுப்பு மாணவி. பள்ளியில் வட்டிக் கணக்கைப் பிழையின்றிப் போடுபவள். ஆயினும், "அப்பாவின் கடனுக்கு மாத வட்டி எவ்வளவு, அம்மா?" என்று கேட்டபோது விழித்தாள். பள்ளிக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு என்று அக்குழந்தை எண்ணிவிட்டது. இவ்வெண்ணத்தை மாற்றுவது பெற்றோர் கையில் இருக்கிறது. அதற்குப் பிரம்பு வேண்டாம், விளையாட்டே போதும்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். குழிகள் 14. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை இட்டால் மொத்தம் 70. ஆறு இட்டால் 84. காயை அள்ளியதும், கடைசிக் காய் எந்தக் குழியில் விழும் என்று முன்னதாகவே சொல்லச் செய்யுங்கள். சரியாகச் சொன்னால் ஒரு காய் பரிசு.

சின்னமனூர், கம்பம் பகுதி விவசாயிகள் வாழைத்தார் வெட்டியதும் குழந்தையை அழைக்கலாம். மேற்சீப்பின் காய்களை எண்ணிச் சீப்புகளின் தொகையால் பெருக்கட்டும். பின்னர் தார் முழுவதையும் எண்ணட்டும். விடை குறையும். கீழே செல்லச் செல்லச் சீப்புகள் சிறுத்துவிடுவதே காரணம். நடுச்சீப்பை எண்ணினால் விடை நெருங்கி வருவதைக் குழந்தையே கண்டுகொள்ளும். சராசரி என்பது அதுதான்.

தறி வீட்டில் நூலே ஆசான். ஒரு சிட்டம் பருத்தி நூல் 840 கஜம். ஒரு பவுண்டுக்கு 40 சிட்டம் நின்றால் அது 40-ஆம் நம்பர். அப்படியானால் 80-ஆம் நம்பர் தடிப்பா, மெலிவா? 18 மீட்டர் பாவில் ஐந்தரை மீட்டர் சேலை எத்தனை? மிச்சம் எவ்வளவு?

பின்னம் என்றாலே பிள்ளைகள் அஞ்சுகின்றனர். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதிய நம் முன்னோரோ, 320-இல் ஒரு பங்குக்கும் முந்திரி என்று பெயரிட்டு வழங்கினர். ஒரு தோசையைப் பாதி பாதியாகப் பங்கிட்டு, அரை, கால், அரைக்கால், மாகாணி எனச் சொல்லிக்கொண்டே உண்ணட்டும், அச்சம் தீரும்.

இவற்றின் பயன் வெறும் மதிப்பெண் அன்று. "மூன்று வட்டிதான்" என்று வெளியில் கடன் தருபவர் கூறுகையில் சிறு தொகைபோலத் தோன்றும். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்பது அதன் பொருள். 5,000 ரூபாய்க்கு மாதம் 150, ஆண்டுக்கு 1,800, அதாவது நூற்றுக்கு 36. இதை அச்சிறுமிக்கு விளக்கியதும், தந்தையின் புத்தகத்தை வாங்கித் தானே கூட்டிப் பார்த்து, "சரியாக இருக்கிறது, அப்பா" என்றாள். அதன்பின் அவர் கையெழுத்திட்டார்.

மாதந்தோறும் சங்கப் புத்தகத்தைக் குழந்தையிடம் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். பிழை செய்தால் கடியாதீர்கள், மறுபடியும் கூட்டட்டும். ஆய்வுக்கு நாங்கள் என்றோ ஒரு நாள்தான் வருகிறோம். குழந்தை நாள்தோறும் உங்கள் வீட்டில் இருக்கிறது.